கண்ணாடிப் பெட்டியில் 1,144½ பேர்

காலை 7.40. போடிநாயக்கனூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ். வாடகை எண்ணூறு ரூபாய். மாடிப்படி பத்தொன்பது. அதில் பதினொன்றாவது படி மட்டும் ஒரு விரற்கடை அதிக உயரம். இரவு ஏறும்போது இடறியது, காலையில் இறங்கும்போதும் இடறியது. மேலாளரிடம் சொன்னேன். இருபது வருடமாக அப்படித்தான் இருக்கிறது என்று பெருமையோடு சொன்னார்.

என்னைப் பற்றி இரண்டு வரி. ஊர் கும்பகோணம், வயது எழுபத்து நான்கு. அரசு மருந்துக் கிடங்குகளில் இருப்புச் சரிபார்ப்பவனாக முப்பத்தாறு ஆண்டு வேலை. பதிவேட்டில் உள்ளது அலமாரியில் இருக்கிறதா, அலமாரியில் உள்ளது பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவதுதான் வேலை. ஓய்வு பெற்றபின் யாரும் போகாத சின்ன அருங்காட்சியகங்களைத் தேடிப் போகிறேன். பெரியவற்றில் கூட்டம், தள்ளுமுள்ளு, கழிப்பறைக்கு வரிசை. என் நோட்டில் நான்கு கட்டங்கள் உண்டு: பொருள்கள், பெயர்ச்சீட்டுகள், தவறுகள், நான் நின்ற நிமிடங்கள். கடைசியில் ஒரே சொல்: போகலாம் அல்லது வேண்டாம்.

போடியில் ஒன்றும், ஊருக்கு வெளியே ஒன்றும், மலைக்கு மேலே ஒன்றுமாக மூன்று இருப்பதாக ரயிலில் வந்த மூட்டை வியாபாரி ஒருவர் சொல்லியிருந்தார். மூன்றும் தனியார் முயற்சி. ஒன்றுக்கும் வழிகாட்டிப் பலகை கிடையாது. மாலை 5.50 ரயிலில் மதுரை திரும்பியாக வேண்டும். மறுநாள் காலை மதுரையில் கண் மருத்துவரிடம் முறை வாங்கியிருக்கிறேன். இரண்டு மாதம் காத்திருந்து கிடைத்த முறை.

8.30. முதலாவது, ஏலக்காய் வியாபாரி ஒருவருடைய பழைய கிட்டங்கியில் ஒரு அறை. கட்டணம் இல்லை. சல்லடைகள் பதினான்கு, தராசுகள் ஆறு, மாதிரி பார்க்கும் தட்டுகள் ஒன்பது, மரப் படிகள் பன்னிரண்டு. மொத்தம் நாற்பத்தொன்று. நாற்பத்தொன்றுக்கும் சீட்டு இருந்தது. தவறு ஒன்றுமில்லை. அடுத்த அறையில் பெண்கள் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இருபது நிமிடத்துக்குள் என் சட்டை, நோட்டு, இரத்த அழுத்த மாத்திரை டப்பா எல்லாவற்றிலும் காய் மணம் ஏறிவிட்டது. நின்றது இருபத்து மூன்று நிமிடம். போகலாம்.

9.40. இரண்டாவது, முந்தல் போகும் சாலையில் பஸ் மெக்கானிக் ஒருவரின் தகரக் கொட்டகை. கட்டணம் இருபது. மலைச் சாலையில் ஓடிய வண்டிகளின் பழைய சாமான்கள். மெக்கானிக் தூங்கிக்கொண்டிருந்தார். எழுந்தவர், பார்க்க வேண்டியதைப் பாருங்கள் என்று கையைக் காட்டிவிட்டு மறுபடி படுத்தார். ரப்பர்ப் பந்து வைத்த ஹாரன் ஒன்பது. ஒன்பதையும் அமுக்கினேன், இரண்டு சத்தம் போட்டன. ஒரு பொருளுக்கும் சீட்டு இல்லை. பதினொரு நிமிடம். வேண்டாம்.

10.50. மலைக்கு மேலே உள்ளதைப் பார்க்க முன்கூட்டியே போன் செய்து சொல்ல வேண்டும். ஆள் வந்தால்தான் திறப்பார்கள். முந்தின நாளே சொல்லியிருந்தேன். போடிமெட்டு தாண்டி, பூப்பாறைக்குப் போகும் வழியில், ஒரு ஏலத் தோட்டத்தில் காய் உலர்த்திய பழைய கட்டிடம் அது. ஜீப்பில் ஆளுக்கு நூற்றைம்பது. ஓட்டுநர் மொக்கச்சாமிக்கு நாற்பது வயது இருக்கும். வண்டியில் ஒன்பது பேர் உட்காரலாம் என்று நான் கணக்கிட்டேன். அவர் கணக்கில் பதின்மூன்று. மேலே உர மூட்டை நான்கு, ஒரு ஸ்டீல் பீரோ. டயர்களைப் பார்த்தேன். பின்பக்கம் இடது டயரில் வரிகள் தேய்ந்திருந்தன. சொன்னேன்.

"அப்பு, அது இன்னும் ஆறு மாசம் ஓடும். நீங்க வளைவ மட்டும் எண்ணிக்கிட்டு வாங்க. நான் ஒண்ணு விட்டுட்டா சொல்லுங்க" என்றார். வண்டியில் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

முந்தல் சோதனைச் சாவடியில் ஏழு நிமிடம். குரங்கணிப் பாதை வலப்பக்கம் பிரிந்ததும் ஏற்றம் தொடங்கியது. மழை பெய்து ஓய்ந்திருந்தது, மேகம் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் பீரோவின் கதவு படீரென்று அடித்தது. கொண்டை ஊசி வளைவு பதினேழு என்கிறார்கள். நான் எண்ணியது பதினாறு. ஒன்றில் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். பெயர் பாண்டியம்மா. மேலே தோட்டத்தில் காய் எடுக்கும் வேலை, லயத்தில் குடியிருப்பு. தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய ஓரறை வீடுகளைத்தான் அங்கே லயம் என்கிறார்கள். மடியிலிருந்து உள்ளங்கை அளவு பித்தளை வெற்றிலைப் பெட்டியை எடுத்தார். மூடியின் உட்பக்கத்தில், பாத்திரக் கடையில் பேர் வெட்டுவார்களே அந்தப் புள்ளி எழுத்தில், 'மாயாண்டி 31' என்று இருந்தது. எண்ணைக் கண்டால் கேட்காமல் இருக்க என்னால் முடியாது. கேட்டேன்.

"மாயாண்டி எங்க தாத்தா. முப்பத்தொண்ணு எங்க வீட்டு நம்பருய்யா. லயத்துல எங்கள முப்பத்தொண்ணு வீட்டுக்காரகன்னுதான் சொல்லுவாக. எங்க பிள்ளைய பள்ளிக்கூடத்துல, ஏ முப்பத்தொண்ணு, உங்க வீட்டுல பிப்ரவரியே வராதாடின்னு கேலி பண்ணுவாக."

நான் மலைக்கு வரும் காரியம் மொக்கச்சாமி வாயால் ஏற்கனவே வண்டி முழுக்கத் தெரிந்திருந்தது. பாண்டியம்மா அந்த வண்டியில் ஏறியதே அதனால்தான் என்பது ஒன்பதாவது வளைவில் தெரிந்தது. அவர் சொன்னதை என் வார்த்தையில் தருகிறேன்.

அவர் மகளுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. சாதிச் சான்றிதழ் கொடுத்தால்தான் இடம் நிற்கும். கேரளப் பக்கம் குடியிருப்பவர்கள் என்பதால், ஐம்பதாம் ஆண்டுக்கு முன்பே குடும்பம் அங்கே இருந்ததற்குத் தாலூகா ஆபீசில் ஒரு ஆதாரம் கேட்கிறார்கள். நாளைக் காலை பதினொரு மணிக்கு அதைக் காட்ட வேண்டும், அதுதான் கடைசி நாள். பட்டா கிடையாது, பத்திரம் கிடையாது. தோட்டம் இரண்டு முறை கைமாறியதில் பழைய காகிதங்கள் எல்லாம் ஒழுகும் கிடங்கில் நனைந்து மண்ணாகிப் போயின. போடியில் அண்ணன் வீட்டுத் தகரப் பெட்டியையும் கொட்டிப் பார்த்தாகிவிட்டது. அதில் இருந்தது ஒரு கல்யாணப் பத்திரிகையும் இரண்டு ரேஷன் அட்டையும்தான்.

"அந்த மியூசியத்துல பழைய செக்ரோல் ஒண்ணு கண்ணாடிப் பொட்டில கெடக்குன்னு அங்கன கூட்டிப் பெருக்குற பிள்ள போன வாரந்தான் சொல்லுச்சு. ரெண்டு தடவ போனேன். பூட்டிக் கெடந்துச்சு. நீங்க போனா தெறப்பாகல்ல?"

செக்ரோல் என்றால் தோட்டத்தில் யார் யார் எந்தெந்த நாள் வேலைக்கு வந்தார்கள் என்று குறிக்கும் பதிவேடு. பார்க்கலாம் என்றேன். பார்க்கலாம் என்பது நான் வேலையில் இருந்தபோது முடியாது என்பதற்குச் சொல்லும் சொல்.

12.05. போடிமெட்டு. இரண்டு மாநிலச் சாவடிகள். குளிர். ஒரு தேநீர் பன்னிரண்டு ரூபாய். பத்தடிக்கு அப்பால் நிற்கிற லாரி தெரியவில்லை.

12.50. மொக்கச்சாமி பிரதான சாலையில் மற்றவர்களையும் பீரோவையும் இறக்கிவிட்டு, எங்கள் இருவரையும் தோட்டப் பாதையில் ஒன்றரைக் கிலோமீட்டர் கொண்டுபோய் விட்டார். திரும்பும் பயணத்துக்குக் காத்திருக்கத் தனியாக ஐந்நூறு பேசியிருந்தேன். 3.30க்குக் கிளம்பினால்தான் ரயில். இரண்டு முறை சொன்னேன், மூன்றாவது முறை சொல்லும்போது அவர் ரேடியோவைப் போட்டார்.

காப்பாளர் பெயர் தாமஸ். அறுபது வயது, மலையாளி, தமிழ் நன்றாகப் பேசுகிறார். பாண்டியம்மாவைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. பார்வையாளர்களுக்குத்தான் திறப்பு, டிக்கெட் நூறு ரூபாய் என்றார். நான் பையில் கை விடுவதற்குள் பாண்டியம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து நூறு ரூபாயை நீட்டினார். சீட்டு எண் 407 எனக்கு, 408 அவருக்கு.

நீளமான ஓட்டுக் கட்டிடம். நான்கு பெரிய உலர்த்தும் அடுக்குகள், புகைக்குழாய்கள், மூங்கில் கூடைகள், ஒரு கொம்பு, மாட்டுத் தோலில் செய்த மழைப் போர்வை. எண்பத்தெட்டுப் பொருள், எழுபத்தொரு சீட்டு. சீட்டுகளை எழுதியது முதலாளியின் மகளாம், கொச்சியில் இருக்கிறாராம். அழகான தமிழ் எழுத்து. ஐந்து தவறு கண்டேன், நான்கு எழுத்துப் பிழை, ஒன்று ஆண்டுப் பிழை. ஒவ்வொன்றையும் பாண்டியம்மாவிடம் சொல்லிக்கொண்டே குறித்தேன். சுவரில் லயத்தின் பழைய வரைபடம். 'தொழிலாளர் குடியிருப்பு, 22 அறைகள்' என்று சீட்டு. எண்ணிப் பார்த்தேன், இருபத்திரண்டுதான்.

கடைசியில் கண்ணாடிப் பெட்டி. தேக்குச் சட்டம், ஆறு திருகாணி. உள்ளே ஒரு தடித்த பதிவேடு, நடுவில் திறந்து வைக்கப்பட்டிருந்தது. சீட்டில் இப்படி இருந்தது: '1948 ஆகஸ்டு. இந்தத் தோட்டத்தில் அந்த மாதம் 1,144 பேர் வேலை செய்தார்கள்.'

திறந்திருந்த பக்கத்தில் பெயர்கள் இல்லை. வெறும் கூட்டல். நாள்வாரியாக எண்கள், அடியில் 'ஆகப் பேர் 1144½'.

பாண்டியம்மா கண்ணாடியில் நெற்றி படும்படி குனிந்து பார்த்தார். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும் அவருக்கு. ஒரு பெயர்கூட இல்லையே என்று மெல்லச் சொன்னார்.

பெயர்கள் முந்தின பக்கங்களில் இருக்கும், கூட்டலுக்கு முன்னால்தானே பட்டியல் வரும் என்று நான் சொன்னேன். பெட்டியைத் திறக்க முடியுமா என்று பாண்டியம்மா தாமசிடம் கேட்டார். அவர் தலையை ஆட்டினார். முதலாளி சொல்லாமல் திறக்க முடியாது, தாள் நொறுங்கும், தன் வேலை போகும் என்றார்.

நான் தாமஸ் பக்கம் பேசினேன். வெட்கமாக இருந்தாலும் நடந்ததை எழுத வேண்டும். பூட்டிய பொருளை உடையவர் அனுமதி இல்லாமல் திறப்பது முறையல்ல என்று முப்பத்தாறு வருடம் மற்றவர்களுக்குச் சொன்னவன் நான். அதையே பாண்டியம்மாவிடமும் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தாமசைப் பார்த்தே பேசினார்.

"உள்ள இருக்கறது எங்க ஆளுக பேருதான சேட்டா? அதப் பாக்க எனக்கு நூறு ரூவா டிக்கட்டு. சரின்னு குடுத்துட்டேன். குடுத்த பெறகும் ஒரு பக்கத்தத் திருப்பக் கூடாதுன்னா, நான் வேற எங்கன போயிக் கேக்க?"

தாமஸ் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். சிக்னல் மேலே ஒரு பாறையில்தான் கிடைக்குமாம். மணி 1.35. மறுபடி மழை பிடித்தது.

எனக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்றிருந்தது. செய்ய முடிந்தது எண்ணுவது மட்டுமே. 1,144 பேரை 22 அறைக்கு வகுத்தேன். அறைக்கு ஐம்பத்திரண்டு பேர். ஒரு அறை பத்துக்குப் பத்து. சீட்டு தவறு என்று சொன்னேன். தவிர, இந்த அரை ஆள் யார் என்று புரியவில்லை என்றேன்.

பாண்டியம்மா நிமிர்ந்தார். அன்று முதல் தடவையாகச் சிரித்தார்.

"ஆறாவது தப்பும் எழுதிக்கங்கய்யா. பேருன்னா ஆளு இல்ல. ஒரு நாள் சோலிக்கு ஒரு பேரு. மத்தியானம் மழை வந்து வீட்டுக்குப் போனா அரைப் பேரு. இன்னக்கி எனக்குப் பேரு விழுகலன்னா இன்னக்கிக் கூலி இல்லன்னு அர்த்தம். அம்புட்டு ஆளு இருந்திருந்தா எங்கன படுத்திருப்பாக, ஏலச்செடியிலயா தொங்குனாக?"

நான் மறுபடி வகுத்தேன். மாதத்துக்கு இருபத்தாறு வேலை நாள். 1,144ஐ இருபத்தாறால் வகுத்தால் நாற்பத்து நான்கு. லீவு, காய்ச்சல் எல்லாம் சேர்த்தால் ஐம்பது ஆள் இருக்கலாம். அறைக்கு இரண்டு மூன்று பேர். கணக்கு சரியாக உட்கார்ந்தது. படித்த பெண் ஒருவர் இந்தச் சொல்லை ஆள் என்று புரிந்துகொண்டு எழுதிவிட்டார். நானும் அப்படித்தான் படித்தேன். ஜீப்பில் வந்த எந்தப் பெண்ணும் அப்படிப் படித்திருக்க மாட்டாள்.

2.05. தாமஸ் நனைந்து திரும்பினார். முதலாளி போனை எடுக்கவில்லை. மகளுக்கும் போட்டார், எடுக்கவில்லை. சீட்டின் தவறைச் சொன்னேன். அவருக்கு அது திறக்க முடியாது என்பதைவிடப் பெரிய அடியாக இருந்தது. நானூறு டிக்கெட்டுக்கும் இந்தப் பெட்டி முன்னால் நின்று, ஆயிரத்து நூற்று நாற்பத்து நான்கு ஆள் என்று விரித்துச் சொல்லியிருக்கிறாராம். எல்லோரும் ஆச்சரியப்பட்டார்களாம். இங்கே வேலை பார்க்கும் ஒருவரையும் ஒரு நாளும் கேட்கவில்லையே என்று அவரே தன்னிடம் சொல்லிக்கொண்டார். பிறகு பலகையில் உட்கார்ந்தார்.

அப்போதுதான் எனக்கு என் வேலை ஞாபகம் வந்தது. சாவி தொலைந்த கிடங்குகளை நான் திறந்ததில்லையா? திறந்திருக்கிறேன். உடையவர் கிடைக்காமல் உள்ளே மருந்து கெட்டுப்போகும் என்றால், சாட்சிகளை வைத்துக் குறிப்பு எழுதித் திறக்க வழி உண்டு. என்ன நிலையில் இருந்தது, யார் முன்னிலையில் திறந்தோம், எதைத் தொட்டோம், எப்படி மூடினோம், எல்லாம் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். தவறு நடந்தால் காப்பாளர் தலையில் மட்டும் விழாது. இதைத் தாமசிடம் சொன்னேன். கெட்டுப்போகிற மருந்து எது என்று அவர் கேட்கவில்லை. பாண்டியம்மாவைத்தான் பார்த்தார்.

"சாரே, நிங்கள் எழுதிக்கோ. முதல் கையெழுத்து நிங்கள்ட்டது."

எழுதினேன். நோட்டிலிருந்து இரண்டு தாளைக் கிழித்து, இரண்டு படி. மொக்கச்சாமியைத் திருப்புளியோடு கூப்பிட்டோம். நாலாவது சாட்சி அவர். கையெழுத்துப் போட்டுவிட்டு, "அப்பு, இதுல எனக்கு வெயிட்டிங் சார்ஜ் உண்டா?" என்றார். கோபம் வந்தது, ஆனால் அந்த நேரத்தில் யாராவது ஒருவர் அப்படிப் பேசியது நல்லதாகவும் இருந்தது.

2.40. ஆறு திருகாணியில் ஐந்து வந்துவிட்டன. ஆறாவது துருப்பிடித்துச் சுற்றிக்கொண்டே இருந்தது. மொக்கச்சாமி பன்னிரண்டு நிமிடம் போராடினார். சட்டம் ஒரு இடத்தில் அரை அங்குலம் பிளந்துதான் அது கழன்றது. அதையும் குறிப்பில் எழுதினேன். தாமஸ் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு பனையோலை விசிறியை அடியில் கொடுத்துத் தாளைத் திருப்பினார். ஓரங்கள் பொடிப்பொடியாக உதிர்ந்தன. பாண்டியம்மா கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். தன் கை தானாகப் போய்விடும் என்று பயந்தார் போல.

மூன்றாவது தாளில் பெயர்கள். எண்ணினேன், ஐம்பத்தொன்று.

எண் 12, மாயாண்டி. எண் 31, மாயாண்டி. எண் 44, மாயாண்டி. தகப்பன் பெயர் இல்லை, ஊர் இல்லை. வெறும் மாயாண்டி, மூன்று முறை.

"இதில் எந்த மாயாண்டி உன் மாயாண்டி?" என்று தாமஸ் கேட்டார். கேட்டபின் கேட்டிருக்க வேண்டாம் என்று அவருக்கே தோன்றியிருக்கும். ஆபீசில் இதைத்தான் கேட்பார்கள், தாத்தாவை நான் பார்த்ததுகூட இல்லை, என்ன சொல்லுவேன் என்றார் பாண்டியம்மா. கண்ணுக்கு முன்னால் இருந்த எண் அவருக்கு உறைக்கவில்லை. ஏனென்றால் அவருக்கு அது வீட்டு நம்பர்.

நான் கைகாட்டியது சுவரில் இருந்த வரைபடத்தை.

"அன்று லயத்தில் மொத்தம் இருபத்திரண்டு அறைதான் அம்மா. முப்பத்தொன்றாம் வீடு என்று ஒன்று இருந்திருக்கவே முடியாது. வெற்றிலைப் பெட்டியை எடுங்கள்."

அவர் மடியிலிருந்து வெற்றிலைப் பெட்டியை எடுத்து மூடியைத் திறந்து, பதிவேட்டின் பக்கத்தில் வைத்தார். சுண்ணாம்பு படாமல் தாமஸ் நடுவில் ஒரு தாளை வைத்தார். மாயாண்டி 31. மாயாண்டி 31. அது வீட்டின் எண் அல்ல, ஆளின் எண். கொடுத்த எண்ணை அந்த மனிதர் தன் பெட்டியில் பேரோடு சேர்த்து வெட்டிக்கொண்டார். பேரனும் பேத்தியும் அதையே வீட்டுக்குப் பேராக வைத்துக்கொண்டார்கள்.

பாண்டியம்மா விரலைத் தாளில் படாமல் மேலேயே நகர்த்தி அந்த வரிசையைக் கடைசிவரை பார்த்தார். கடைசியில் 24½ என்று இருந்தது.

"அரைப் பேரு" என்றார். "அன்னக்கி மத்தியானத்துக்கு மேல எங்கய்யா போனாரு இவரு?"

மழை ஓட்டில் இறங்கிக்கொண்டிருந்தது.

3.30 தாண்டிவிட்டது. மொக்கச்சாமி போனில் படம் எடுத்துக் கொடுத்தார். பாண்டியம்மா தலையை ஆட்டினார். மூலத்தைக் காட்ட வேண்டும் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்களாம். எல்லோரும் தாமசைப் பார்த்தோம். அவர் மறுபடி பாறைக்கு ஏறினார். பதினாறு நிமிடம் கழித்து இறங்கினார். முதலாளிக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார், போய்ச் சேர்ந்ததாகக் காட்டவில்லை. பிறகு உள்ளே போய்த் தன் வெளுத்த வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து விரித்தார்.

"இது எங்கேயும் தனியாய்ப் போகாது. நாளைக்கு நானும் ஆபீசுக்கு வரும். மடியில் வச்சு இருக்கும். அவர்கள் பார்க்கட்டும், நான் கையில் கொடுக்காது."

கடைசியாக ஒரு வரி குறிப்பில் சேர்த்தேன்: பதிவேடு காப்பாளர் பொறுப்பில் வெளியே கொண்டு செல்லப்படுகிறது. எல்லோரும் மறுபடி கையெழுத்து. ஒரு படி கண்ணாடிப் பெட்டிக்குள், ஒரு படி பதிவேட்டோடு. நான் செய்தது சரியா என்று எனக்கு அப்போது தெரியவில்லை. முதலாளி வழக்குப் போட்டால் முதல் கையெழுத்து என்னுடையது. கீழே இறங்கும் பதினேழு வளைவிலும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இந்தமுறை பதினேழையும் எண்ணினேன்.

5.58. போடி ரயில் நிலையம். தண்டவாளம் காலி. எட்டு நிமிடம். மொக்கச்சாமி என்னைப் பஸ் நிலையத்தில் விட்டுவிட்டுக் காத்திருந்ததற்கு ஐந்நூறு வாங்கினார். அப்புறம் என்ன நினைத்தாரோ, நூறைத் திருப்பிக் கொடுத்தார். சாட்சிக் கூலி உங்களுக்கு என்றார். பஸ்சில் மதுரை சேர்ந்தபோது முழங்கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன.

மறுநாள் கண் மருத்துவரின் வரிசையில் என் எண் 19. பதினொரு மணிக்கு 14 உள்ளே போயிருந்தது. கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்ததால் கைக்கடிகாரம் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவரை நான்கு முறை மணி கேட்டேன். நாலாவது முறை அவர் இடம் மாறி உட்கார்ந்துகொண்டார். பன்னிரண்டே கால் சுமாருக்கு மொக்கச்சாமி போன் செய்தார். அவர்களை ஆபீசுக்குக் கூட்டிப்போனது அவர் வண்டிதான்.

அலுவலர் வெற்றிலைப் பெட்டியையும் பதிவேட்டையும் ரொம்ப நேரம் பார்த்தாராம். இன்னொருவரைக் கூப்பிட்டாராம். பேர் என்றால் என்ன என்று கேட்டாராம். பாண்டியம்மா விளக்கினாராம். நகல் எடுக்க வேண்டும் என்றபோது தாமஸ் பதிவேட்டைக் கொடுக்காமல், இயந்திரத்தின் பக்கத்தில் நின்று தாளைத் தன் கையாலேயே வைத்து எடுத்தாராம்.

"அதெல்லாம் இருக்கட்டும். கையெழுத்து?" என்றேன்.

"போட்டுட்டாக அப்பு. பிள்ள நாளைக்குக் காலேஜுல சேந்துரும்."

கும்பகோணம் திரும்பி இரண்டு வாரமாகிறது. எங்கள் வீட்டில் பித்தளைப் பாத்திரங்கள் நாற்பத்து மூன்று. பேர் வெட்டியவை பத்தொன்பது. வருடத்துக்கு ஒருமுறை எண்ணுகிறேன். வெட்டியிருப்பதை இதுவரை படித்ததில்லை. இந்தமுறை பரணிலிருந்து இறக்கிப் படித்தேன். பதினேழு பேரை எனக்குத் தெரியும். இரண்டு பேர் யார் என்று தெரியவில்லை. கேட்கவும் இப்போது யாரும் இல்லை.

நோட்டில் அந்த மூன்றாவது அருங்காட்சியகத்துக்குக் கடைசிச் சொல் இன்னும் எழுதாமல் இருந்தேன். ஒரு பொருள் வெளியே போனதை நேரில் பார்த்தவன், அது திரும்பியதா என்று தெரியாமல் எப்படி முடிப்பது? நேற்றுப் போன் செய்தேன். தாமஸ் எடுக்கவில்லை. பாறையில் இல்லை போலிருக்கிறது. மொக்கச்சாமிக்குப் போட்டேன்.

முதலாளி முதலில் கத்தினாராம், மகள்தான் சமாதானம் செய்தாராம். புதுச் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறாராம், பேர் என்ற சொல்லுக்குப் பாண்டியம்மா சொன்ன விளக்கத்தோடு. போன ஞாயிற்றுக்கிழமை லயங்களிலிருந்து இருபத்தாறு பேர் வந்து பதிவேட்டில் தங்கள் எண்ணைத் தேடினார்களாம். இந்த இருபத்தாறு ஆள்தான், நாள் அல்ல என்று கேட்டு உறுதி செய்துகொண்டேன். டிக்கெட் வாங்கினார்களா என்றும் கேட்டேன். தாமஸ் புத்தகத்தையே எடுக்கவில்லையாம்.

அப்படியானால் பதிவேடு இப்போது பெட்டிக்குள் இருக்கிறதா என்றேன்.

"எங்கன இருக்கு? நேத்து ஒரு வீட்டுச் சர்ட்டிபிகேட்டுக்கு, இன்னக்கி இன்னொரு வீட்டுதுக்குன்னு சேட்டன் மடியில கட்டிக்கிட்டு ஆபீசுக்கு அலையுறாரு. பொட்டி காலியாத்தான் கெடக்கு. அது சோலிக்குப் போயிருக்கு அப்பு."

நோட்டை எடுத்து எழுதி முடித்தேன். பொருள்கள் 88. இருப்பு 87. குறைவு ஒன்று. காரணம்: சோலிக்குப் போயிருக்கிறது. நின்ற நிமிடங்கள் 195. தவறுகள் ஆறு, ஒன்று திருத்தப்பட்டது.

போகலாம்.